ஆலயம் கலைக்கூடமான வரலாறு: தாலின் நகரத்துப் புனித நிக்கொலாஸ் தேவாலயம்

ஆலயங்கள் வழிபாட்டிற்கென எழுப்பப்படுவன. கலைக்கூடங்கள் காட்சிக்கென அமைக்கப்படுவன. ஒன்றிலே மக்கள் கண்களை மூடி நிற்பர். மற்றொன்றிலே கண்களை அகலத் திறந்து நிற்பர். இவ்விரு நிலையங்களின் நோக்கங்களும் வேறுவேறாயினும், ஐரோப்பாக் கண்டத்திலே பழைய தேவாலயங்கள் பல இன்று கலைக்கூடங்களாகவும் நூதனசாலைகளாகவும் விளங்குகின்றன. பாரிசு நகரில் இடைக்காலத் துறவிகள் வாழ்ந்த சான் மார்த்தான் மடத்தின் கோயில், பழைய பொறிகளையும் அறிவியற் கருவிகளையும் காட்டும் நூதனசாலையின் ஒரு பகுதியாகிவிட்டது. பிரான்சு தேசத்து ஆஞ்சே நகரிலே கூரையிழந்து கிடந்த பழைய மடாலயக் கோயிலொன்றுக்குக் கண்ணாடிக் கூரை வேய்ந்து, அந்நகரிற் பிறந்த சிற்பி தாவீதின் சிலைகளை 1984ஆம் ஆண்டு முதல் அங்கே வைத்திருக்கின்றனர். இத்தகைய மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, அதனால் கிடைப்பது யாது, இழக்கப்படுவது யாது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதற்கு எஸ்தோனியா நாட்டின் தலைநகரான தாலினிலுள்ள புனித நிக்கொலாஸ் தேவாலயம் மிகவும் ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

பின்லாந்து வளைகுடாவின் தென்கரையிலே அமைந்துள்ள துறைமுக நகரம் தாலின். முற்காலத்தில் இதனை ரேவால் என அழைத்தனர். 1219ஆம் ஆண்டில் தென்மார்க்கு மன்னன் இவ்விடத்தைக் கைப்பற்றினான். அதனையடுத்து ஜேர்மானிய வணிகர் இங்கே வந்து குடியேறினர். கொத்லாந்துத் தீவு வழியாக வந்த வெஸ்ட்பாலியா நாட்டு வணிகர் 1230ஆம் ஆண்டை ஒட்டி ஒரு தேவாலயத்தை நிறுவினர். கடலையும் காற்றையும் நம்பி வாழ்ந்த அவர்கள், மாலுமிகளுக்கும் வணிகருக்கும் காவலராகக் கருதப்படும் புனித நிக்கொலாசின் பெயரையே அதற்குச் சூட்டினர் என்பதில் வியப்பில்லை. நகரத்திற்கு மதில் எழுப்பி முடியாத அக்காலத்திலே, தடித்த சுவர்களையுடைய அவ்வாலயமே ஆபத்து வேளையில் மக்கள் புகலிடமாகவும் பயன்பட்டது. வணிகர் தம் சரக்குகளையும் ஆலயக் கூரையின் கீழே பாதுகாத்து வைத்தனர். ஆகவே, வழிபாட்டுத்தலமென்னும் ஒரே தொழிலோடு அக்கட்டடம் ஒருபோதும் நின்றதில்லை.

வடகடல்களிலே வாணிகம் நடத்திய ஹன்சா நகரங்களின் கூட்டிணைப்பில் ரேவாலும் சேர்ந்து கொண்டது. உரோமமும் மெழுகும் கிழக்கிலிருந்து வந்தன. உப்பும் துணியும் மேற்கிலிருந்து வந்தன. இவற்றின் இலாபத்திலே ஒரு பங்கு ஆலயத்திற்குச் சென்றது. 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் ஆலயம் விரிந்தது, நடுமண்டபம் உயர்ந்தது, பக்கங்களிலே சிற்றாலயங்கள் எழுந்தன. செல்வர் தத்தம் குடும்பத்தின் பெயரால் பீடங்களையும், சித்திரங்களையும், விளக்குகளையும் காணிக்கையாக அளித்தனர். நான்கு மீற்றர் வரை உயர்ந்து நிற்கும் ஏழு கிளைகளையுடைய வெண்கல விளக்குத்தண்டு அவற்றுள் ஒன்று. அது 1519ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்றும் அதே ஆலயத்திலே நிற்கின்றது.

ஆலயத்தின் செல்வங்களுள் தலைசிறந்தது தலைமைப் பீடத்தின் சித்திரப் பேழையாகும். பலிபீடத்தின் பின்னே நிறுத்தப்படுவதும், இரு பக்கமும் மடங்கும் கதவுகளை உடையதுமான பெரும் மரப்பேழை அது. லூபெக் நகரத்தின் புகழ்பெற்ற ஓவியர் ஹெர்மன் ரோடே என்பவரது பட்டறையில் 1478ஆம் ஆண்டு முதல் 1481ஆம் ஆண்டு வரை அது செய்யப்பட்டு, கடல் வழியாக ரேவாலுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு 1250 ரீகா மார்க்குகள் செலவாயின. நகரத்தின் பெருவணிகர் சங்கமும், மணமாகாத இளவணிகரின் அமைப்பாகிய கருந்தலையர் சகோதர சங்கமும் அச்செலவை ஏற்றன. ஆபிரிக்கராகச் சித்திரிக்கப்படும் புனித மொரீசைத் தம் காவலராகக் கொண்டமையால் அவ்விளைஞர் சங்கம் அப்பெயரைப் பெற்றது.

இப்பேழைக்கு இரண்டு அடுக்குக் கதவுகள் உண்டு. ஆதலால் அது மூன்று தோற்றங்களைக் காட்ட வல்லது. எல்லாக் கதவுகளும் மூடியிருக்கும்போது காண்பது ஒரு தோற்றம். முதலடுக்கைத் திறந்தால், புனித நிக்கொலாசினதும், நகரத்தின் காவலரான புனித விக்டரினதும் வாழ்க்கை நிகழ்ச்சிகள் பதினாறு சித்திரங்களிலே வரிசையாக விரியும். இரண்டாம் அடுக்கையும் திறந்தால், பொன் முலாம் பூசிய மரச் சிற்பங்கள் இரண்டு நிரைகளிலே ஒளிரும். மேல் நிரையின் நடுவே மரியன்னை முடிசூடும் காட்சி; அதனைச் சூழ அப்போஸ்தலரும் புனிதரும். முழுவதும் திறந்த நிலையில் பேழை ஆறு மீற்றருக்கு மேற்பட்ட அகலமுடையது.

இம்மூன்று தோற்றங்களும் வெறும் அலங்காரத்திற்காக ஏற்பட்டவையல்ல. இடைக்காலக் கிறித்தவ ஆலயங்களிலே இத்தகைய பேழைகள் சாதாரண நாட்களில் மூடியே இருக்கும். பெருந் திருவிழாக்களின் போதே உள்ளே உள்ள பொன்னுருவங்கள் மக்களுக்குக் காட்சி தரும். கதவு திறக்கும் செயலே விழாவின் ஓர் அங்கமாயிருந்தது. எழுத்தறிவில்லாத பெருந்தொகையினருக்கு அச்சித்திர வரிசை ஒரு நூலாகவும் பயன்பட்டது. புனித விக்டரின் கதையைக் கூறும் சித்திரமொன்றின் பின்னணியிலே ஓவியர் தமது சொந்த நகராகிய லூபெக்கைத் தீட்டிவிட்டார். கோபுரங்கள் நிறைந்த அந்நகரத்தின் மிகப் பழைய ஓவியக் காட்சிகளுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகின்றது.

அந்த ஆலயத்தின் மற்றொரு பெருஞ்செல்வம் “மரண நடனம்” என்னும் ஓவியமாகும். லூபெக் நகரத்தவரான பேர்ண்ட் நொட்கே என்பவர் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைத் தீட்டினார். சுவீடன் தலைநகரான ஸ்தொக்கோல்மிலே வேதாளத்தைக் கொல்லும் புனித ஜோர்ஜின் மாபெரும் மரச்சிற்பத்தைச் செய்தளித்தவரும் அவரே. மரண நடனத்தில், எலும்புருக் கொண்ட மரணம் ஒவ்வொரு மனிதரையும் கைப்பற்றி ஆடலுக்கு அழைக்கின்றது. இடப்பக்கத்தில் ஒரு போதகர் மேடையில் நின்று உபதேசிக்கின்றார். அடுத்து ஒரு மரணம் துருத்திக் குழலை ஊதுகின்றது. இன்னொரு மரணம் சவப்பெட்டியைச் சுமந்து வருகின்றது. அதன்பின் பாப்பரசர், பேரரசர், பேரரசி, கர்தினால், மன்னர் என்போர் முறைப்படி நிற்க, அவர்களுக்கிடையே மரணத்தின் உருவங்கள் துள்ளி ஆடுகின்றன. மரணத்தை விளித்து அவர்கள் மன்றாடுவதும், அது அவர்களுக்கு விடையளிப்பதும் ஓவியத்தின் அடியிலே கீழ்ஜேர்மன் மொழிச் செய்யுட்களாக எழுதப்பட்டுள்ளன.

கொள்ளை நோய் அடிக்கடி ஊர்களை வெறுமையாக்கிய காலம் அது. மணிமுடி தரித்தவனும் மண்வெட்டி பிடித்தவனும் ஒரே வரிசையிலே ஆட வேண்டுமென்னும் கருத்து அன்று வெறும் தத்துவமன்று. கண்ணாற் கண்ட உண்மை. வரிசை மேன்மக்களிலிருந்து தொடங்கிச் சாதாரண மக்கள் வரை செல்வதே இத்தகைய ஓவியங்களின் மரபு. ஆனால் தாலினிலே எஞ்சியிருப்பது ஏழரை மீற்றர் நீளமான தொடக்கப் பகுதி மாத்திரமே. முழு ஓவியம் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமுடையதாய் இருந்திருக்கலாமென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எஞ்சிய துண்டின் அருமையோ சொல்லுந்தரமன்று. துணியிலே தீட்டப்பட்ட இடைக்கால மரண நடன ஓவியங்களுள் உலகத்திலே இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே.

இச்செல்வங்கள் நம் காலம் வரை வந்து சேர்ந்தமை தற்செயலன்று. அவை மூன்று பெரும் ஆபத்துக்களைக் கடந்து வந்தன.

முதலாவது ஆபத்து 1520ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே வந்தது. மார்ட்டின் லூதர் தொடக்கிய சமயச் சீர்திருத்தம் ரேவாலிலும் பரவிற்று. உருவங்களை வைத்து வழிபடுதல் தகாதெனக் கொதித்தெழுந்த கூட்டத்தினர் நகரத்துக் கோயில்களுட் புகுந்து, சிலைகளையும் சித்திரங்களையும் உடைத்தெறிந்தனர். புனித நிக்கொலாஸ் ஆலயத்தினுள் மட்டும் அவர்களால் புக முடியவில்லை. ஆலயத்தின் பொறுப்பாளர் ஈயத்தை உருக்கிக் கதவுப் பூட்டுக்களின் துவாரங்களிலே ஊற்றி அடைத்துவிட்டார் என்பது அந்நகரில் வழிவழியாக வழங்கிவரும் வரலாறு. சாவி நுழையாத கதவைத் திறக்க வழியின்றிக் கூட்டம் கலைந்து சென்றது. அதன் பின்னர் ஆலயம் லூதரன் திருச்சபைக்கு உரியதாயிற்று. புதிய சமய நெறியினர் பழைய பேழையை அகற்றாது தம் ஆலயத்திலேயே வைத்துக்கொண்டனர்.

அடுத்து வந்த நூற்றாண்டுகளிலே சுவீடன் நாட்டவரும், அவரை அடுத்து ருஷியரும் நகரை ஆண்டனர். அக்கால நிகழ்ச்சியொன்று மரண நடன ஓவியத்திற்கு விளக்கவுரை போல் அமைந்துள்ளது. 1700ஆம் ஆண்டில் நார்வா என்னுமிடத்தில் நடந்த போரிலே ருஷியப் படைக்குத் தலைமை தாங்கிய குரோய் என்னும் கோமகன், சுவீடன் படையினராற் சிறைபிடிக்கப்பட்டு ரேவாலில் வைக்கப்பட்டார். 1702ஆம் ஆண்டிலே அவர் இறந்தபோது அவருக்கிருந்த கடன்கள் பெருந்தொகையாயிருந்தன. கடன் கொடுத்தோர் அவரைப் புதைக்க விடவில்லை. உடல் இந்த ஆலயத்திலேயே கிடந்து, அழுகாமல் உலர்ந்துபோயிற்று. பிற்காலத்தில் அதனைப் பார்ப்பதற்கே மக்கள் வருவாராயினர். இறுதியாக 1897ஆம் ஆண்டிலேதான், ஏறக்குறைய 195 ஆண்டுகள் கழித்து, அவருக்கு அடக்கம் கிடைத்தது.

இரண்டாவது ஆபத்து இரண்டாம் உலகப் போர். எஸ்தோனியா 1918ஆம் ஆண்டில் சுதந்திரப் பிரகடனஞ் செய்த நாடு. 1940இல் சோவியத்து ஒன்றியமும், 1941இல் ஜேர்மனியும் அதனைக் கைப்பற்றின. குண்டுவீச்சு நேரக்கூடுமென உணர்ந்தோர் 1943ஆம் ஆண்டளவிலே சித்திரப் பேழையையும், மரண நடனத்தையும், பெயர்த்தெடுக்கக்கூடிய பிற அரும்பொருள்களையும் ஆலயத்திலிருந்து அகற்றிப் பாதுகாப்பான இடங்களிற் சேர்த்தனர். 1944 மார்ச் 9ஆந் தேதி இரவு சோவியத்து விமானங்கள் தாலின் மீது குண்டு வீசின. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆலயத்தை அடுத்திருந்த தெருவின் வீடுகள் தரைமட்டமாயின. ஆலயம் தீப்பற்றி எரிந்தது. கோபுரத்தின் உச்சிக் கூம்பு வீழ்ந்தது. உள்ளேயிருந்த மரவேலைப்பாடுகளுள் எடுத்துச் செல்ல இயலாதவை யாவும் சாம்பலாயின. எஞ்சியது கருகிய கற்சுவர்களே.

ஈண்டு லூபெக் நகரத்தின் கதையையும் ஒப்பிட்டு நோக்குதல் பொருந்தும். அந்நகரத்து மரியன்னை ஆலயத்திலும் நொட்கேயின் மரண நடனம் ஒன்று இருந்தது. தாலின் ஓவியத்திற்கு முன்னோடி அதுவே. 1463ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வோவியம் சிதைவுற்றதனால், 1701ஆம் ஆண்டில் அதனை அகற்றி, அதன் பிரதியொன்றை அவ்விடத்திலே வைத்தனர். 1942 மார்ச் மாத இறுதியில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய இரவில் பிரித்தானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் அந்தப் பிரதியும் எரிந்தழிந்தது. லூபெக்கிலே மூலமுமில்லை, பிரதியுமில்லை. தாலினிலோ கட்டடம் எரிந்தது, ஓவியம் தப்பியது. எரிந்த கட்டடத்தைக் கல்லாலும் சுண்ணத்தாலும் மீண்டும் எழுப்பலாம். எரிந்த ஓவியத்தை எழுப்ப வழியில்லை.

போரின் பின் நாடு மறுபடியும் சோவியத்து ஆட்சியின் கீழ் வந்தது. ஆலயத்தைத் திருத்தும் வேலை 1953ஆம் ஆண்டிலே தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீடித்தது. சமய வழிபாட்டை ஊக்குவியாத அவ்வரசு அதனை மீண்டும் கோயிலாக ஆக்க விரும்பவில்லை. நூதனசாலையாகவும் இசைமண்டபமாகவும் அமைக்கவே திட்டமிட்டது. மரண நடன ஓவியம் 1960ஆம் ஆண்டுகளிலே மாஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் செப்பனிடப்பட்டது. பணிகள் முடிவை நெருங்கிய வேளையில் மூன்றாவது ஆபத்து நேர்ந்தது. 1982 ஒக்டோபர் மாதத்திலே கோபுரத்தில் தீப்பற்றி, புதிதாகக் கட்டிய கூம்பு மீண்டும் எரிந்து வீழ்ந்தது. மனந்தளராது மறுபடியும் கட்டினர். 105 மீற்றர் உயரமான கோபுரத்தோடு 1984ஆம் ஆண்டிலே அது கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. 1991இல் எஸ்தோனியா சுதந்திரத்தை மீளப் பெற்ற பின்னரும் அவ்வாறே நிலைத்து, இன்று அந்நாட்டுக் கலை நூதனசாலையின் ஒரு கிளையாக விளங்குகின்றது.

இக்கலைக்கூடத்திலே வைக்கப்பட்டிருப்பவை அவ்வாலயத்திற்கே உரிய பொருள்கள் மட்டுமல்ல. சீர்திருத்தக் காலத்தில் அழிவுற்ற பிற கோயில்களிலிருந்து தப்பியவையும் இங்கே வந்து சேர்ந்துள்ளன. பெல்ஜிய நாட்டுப் புரூச் நகரில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தீட்டப்பட்ட மரியன்னைப் பேழை அவற்றுள் ஒன்று. அதனைச் செய்வித்த கருந்தலையர் சங்கத்தார் முப்பதின்மர் அதிலே மண்டியிட்டு நிற்கக் காணலாம். முதலில் அது தொமினிக்கன் துறவிகளின் கோயிலில் இருந்தது. கலகத்தின் போது சங்கத்தார் அதனைக் காப்பாற்றித் தம் மாளிகையில் வைத்துக்கொண்டனர். இவையன்றி, கல்லறைப் பலகைகளும், வணிகர் சங்கங்களுக்கும் கைவினைஞர் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் உரியனவாயிருந்த வெள்ளிப் பாத்திரங்களும் தனியிடத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

கோயிலொன்றைக் கலைக்கூடமாக மாற்றுதல் சுவரிலே ஆணியடித்துச் சித்திரங்களை மாட்டுவதோடு முடிவதன்று. பழைய கற்கட்டடம் குளிர்காலத்தில் ஈரத்தை ஏற்கும். அடுப்பனல் மூட்டினால் மிகையாய் உலரும். மரப்பலகையோ காற்றின் ஈரத்திற்கேற்ப விரிந்து சுருங்கும் இயல்புடையது. பலகை அசையும்போது அதன்மேற் பூசிய சுண்ணப்பூச்சும் வண்ணமும் அதனோடு இயைந்து அசையமாட்டாமல் வெடித்து உதிரும். ஆகவே வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரே நிலையில் வைத்திருத்தல் காப்பாளரின் இடையறாக் கடமையாகும். வெயிலொளியும் வண்ணங்களை வெளிறச் செய்யும். முன்னைய நூற்றாண்டுகளிலே மெழுகுதிரிப் புகை படிந்த கருமையும், பிற்காலத்தவர் நல்லெண்ணத்தோடு பூசிய மேற்பூச்சும் வேறு தொல்லைகள். மூலவண்ணத்தைத் தொடாமல் இவற்றை நீக்குவதற்குக் கைத்திறனோடு அறிவியலும் வேண்டும்.

ரோடேயின் பேழையை 2013ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் இவ்வாறு நுணுகி ஆராய்ந்தனர். எக்ஸ் கதிர்களாலும், கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க்கதிர்களாலும் படம்பிடித்து நோக்கியபோது, வண்ணத்தின் அடியிலே ஓவியர் முதன்முதல் வரைந்த கோடுகள் வெளிப்பட்டன. பீடத்திலே நின்ற காலத்தில் குருமாரும்கூட இவ்வளவு அண்மையில் அதனைக் கண்டிரார். மூன்று தோற்றங்களையும் உடைய பேழை கலைக்கூடத்திலே இருப்பதனால் ஏற்பட்ட பெரும்பேறு இதுவெனலாம்.

ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. விழா நாளன்று மெழுகுதிரிகளின் ஒளியில், மணியோசைக்கும் பாடலுக்கும் இடையே, கதவு திறந்து பொன்னுருவங்கள் தோன்றக் கண்டவனது உள்ளம் அடைந்த நிலையை, நுழைவுச் சீட்டுப் பெற்று வருபவன் அடைதல் அரிது. அவனுக்கு அது 15ஆம் நூற்றாண்டுச் சிற்பம். முன்னையவனுக்கு அது விண்ணகத்தின் வாயில். சமயத்தவர் சிலர் இதனை இழப்பாகவே கருதுவர். அவர் கருத்தும் மதிக்கத்தக்கதே. பொருளைக் காப்பது எளிதன்று. அப்பொருளுக்கு உயிர் கொடுத்த வாழ்க்கையைக் காப்பதோ அதனினும் அரிது.

இக்குறையைத் தாலின் கலைக்கூடம் ஓரளவு குறைத்துள்ளது. வேறெங்கோ ஒரு மாளிகையின் வெண்சுவரிலே அன்றி, எந்த ஆலயத்திற்கெனச் செய்யப்பட்டதோ அந்த ஆலயத்திலேயே சித்திரப் பேழை நிற்கின்றது. மரண நடனமும் அவ்வாறே அங்குள்ள புனித அந்தோனியார் சிற்றாலயத்தில் இடம்பெற்றுள்ளது. உயர்ந்த கல்மண்டபத்திலே ஓசை நெடுநேரம் ஒலித்து அடங்கும் இயல்பு இருப்பதனால், அங்குள்ள பெரிய ஓகன் வாத்தியத்தின் இசையைக் கேட்பதற்கும் மக்கள் கூடுகின்றனர். சித்திரத்தைக் காண வந்தவர் இசையைக் கேட்டும், இசையைக் கேட்க வந்தவர் சித்திரத்தைக் கண்டும் செல்கின்றனர்.

நேயர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். தாலினின் பழைய நகரம் 1997ஆம் ஆண்டிலே உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே, உலக நிறுவனம் எதுவும் கேளாமல், அந்நகரத்தார் இந்த ஆலயத்தின் செல்வங்களைக் காத்து வந்தனர். ஈயத்தை உருக்கிப் பூட்டில் ஊற்றியவர் பக்தியினால் அதனைச் செய்தார். 1943இல் பேழையைப் பெயர்த்தெடுத்தவர்கள் கலையின் அருமை கருதிச் செய்தனர். 1982இல் எரிந்த கோபுரத்தை மறுபடி கட்டியவர்கள் தம் நகரத்தின் மீது கொண்ட பற்றினாற் செய்தனர். நோக்கம் வேறாயினும், தமக்குப் பின்வருவோரும் காண வேண்டுமென்னும் எண்ணம் இம்மூவருக்கும் பொதுவாயிருந்தது. பாப்பரசரும் பேரரசரும் மரணத்தோடு கைகோத்து நிற்கும் அந்த ஏழரை மீற்றர் துணியின் முன்னே இன்று மக்கள் நின்று பார்க்க முடிவது அவ்வெண்ணத்தின் பயனேயாகும்.